இரண்டு எட்டு முன்னால்

நாலடிக்கு நாலடியில் ஒரு புள்ளிக் கோலம். அதைச் சாய்வு இல்லாமல், விளிம்பு வெட்டுப்படாமல், ஒரே படத்தில் முழுசாக எடுக்க வேண்டும். ஜூம் கேமரா வைத்திருப்பவர் நின்ற இடத்திலேயே லென்ஸைத் திருகிப் பார்ப்பார். ஜூம் இல்லாத, லென்ஸைக் கழற்றவும் முடியாத சின்ன டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர் கோலத்தின் ஓரத்தில் காலை ஒட்டி நிற்பார். கையை முன்னால் நீட்டி, கேமரா நடுப்புள்ளிக்கு நேர் மேலே வரும்படி பிடிப்பார். கையில் இருப்பது 28 எம்.எம். லென்ஸ் என்றால் தோள் உயரம் போதும், நாலடிக் கோலம் கச்சிதமாக அடங்கிவிடும். 35 எம்.எம். என்றால் கையைத் தலைக்கு மேலே, ஏறக்குறைய ஆறடி உயரத்துக்குத் தூக்க வேண்டும். பழகியவர் இதற்காகத் திரையைப் பார்த்துத் தடவிக்கொண்டிருப்பதில்லை. கை தானாக அந்த உயரத்துக்குப் போய் நிற்கும்.

இந்த வகைக் கேமராவின் சந்தோஷம் முழுவதும் அந்தக் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணில் வைக்கும் முன்பே, படத்தில் எது விழும், எது விழாது என்பது தெரிந்துவிடுகிறது.

கடையில் கேட்டால் 'ஃபிக்ஸட் லென்ஸ் கேமரா' என்பார்கள். உடம்போடு ஒட்டிய ஒரே லென்ஸ், அதற்கு ஒரே பார்வை அகலம். ஃபியூஜிஃபிலிம் நிறுவனத்தின் எக்ஸ்100 வரிசை 35 எம்.எம். பார்வை கொண்டது. ரிக்கோவின் ஜிஆர் 28 எம்.எம்., அதன் தம்பியான ஜிஆர் 3எக்ஸ் 40 எம்.எம். லைக்காவின் க்யூ 28, சோனியின் ஆர்எக்ஸ்1 35. உண்மையில் ஜிஆர் லென்ஸின் குவியத் தூரம் 18.3 எம்.எம்.தான், எக்ஸ்100-ன் லென்ஸ் 23 எம்.எம்.தான். ஆனால் 24-க்கு 36 மில்லிமீட்டர் என்ற பழைய ஃபிலிம் சட்டத்தில் அதே அகலத்தைக் காட்ட எத்தனை எம்.எம். லென்ஸ் வேண்டுமோ, அந்த எண்ணையே எல்லாரும் சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்தக் கட்டுரையும் அந்த வழக்கத்தையே பின்பற்றுகிறது.

அந்த 24-க்கு 36 சட்டமே மாறாத லென்ஸ் கொண்ட ஒரு கேமராவிலிருந்து வந்ததுதான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் 1911-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடுகளும் மரப்பெட்டியும் முக்காலியுமாக அன்றைய கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற அவருடைய மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமாவுக்குப் பயன்படும் 35 எம்.எம். ஃபிலிமை எடுத்தார். சினிமாச் சட்டத்தை இரட்டிப்பாக்கி 24-க்கு 36 ஆக்கினார். கோட்டுப் பையில் போடும் அளவுக்கு ஒரு கேமராவைச் செய்தார். 1925-ல் லைப்ஸிக் வசந்தக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் மக்கள் முன் வந்தது. அந்த முதல் மாடலில் இருந்த 50 எம்.எம். லென்ஸைக் கழற்ற முடியாது. எடுக்காத நேரத்தில் உடம்புக்குள் அழுத்தி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். லென்ஸ் மாற்றும் லைக்கா வந்தது 1930-ல்.

நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. வடோதராவில் தயாரான அக்ஃபா க்ளிக் 3 கேமராவைப் பரணில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஜூம் கிடையாது, மாற்ற லென்ஸ் கிடையாது. திருச்செந்தூர்க் கடற்கரையிலோ மாமல்லபுரத்துக் கற்கோயில் முன்போ வரிசையாக நின்ற அத்தனை பேரையும் சட்டத்துக்குள் கொண்டுவர, எடுப்பவர்தான் பின்னால் பின்னால் போவார். "இன்னும் ரெண்டு எட்டு பின்னால போங்க சித்தப்பா, தலை வெட்டிடும்" என்று நிற்பவர்கள் கத்துவார்கள். சித்தப்பா செய்த வேலையைத்தான் பின்னாளில் ஜூம் மோட்டார் வாங்கிக்கொண்டது.

வாங்கிக்கொண்டபோது ஒரு நல்ல விஷயமும் கூடவே போய்விட்டது. ஜூமைத் திருகினால் தொலைவில் இருப்பது பெரிதாகும், ஆனால் எடுப்பவரின் இடம் மாறாது. இடம் மாறாவிட்டால் முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவும் மாறாது. பூக்கடைக்காரர் முகமும் அவருக்குப் பின்னால் தெரியும் கோபுரமும் எந்த விகிதத்தில் தெரிய வேண்டும் என்பதை நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. கடைக்கு அருகே போனால் பூக்காரர் பெரிதாவார், கோபுரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் அவர் தோளுக்கு மேலே இருந்த மின்கம்பம் மறைந்துபோகும். காலால் நடந்தால் மட்டுமே கிடைக்கும் மாற்றங்கள் இவை. ஜூம் லென்ஸ் வைத்திருப்பவரும் தாராளமாக நடக்கலாம். ஆனால் விரலுக்கு வேலை இருக்கும்போது கால் சோம்பிவிடுகிறது.

35 எம்.எம். லென்ஸில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. சட்டத்தின் அகலம் 36, லென்ஸ் 35. இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே எத்தனை அடி தள்ளி நிற்கிறோமோ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். ஆறடி தள்ளி நின்றால் ஆறடி, இருபதடி தள்ளி நின்றால் இருபதடி. வீட்டுக் கூடத்தில் இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் இப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். மூன்று டைல் தள்ளி நில்லுங்கள், எதிர்ச் சுவரோரம் மூன்று டைல் அகலம் தெரியும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் அதே கணக்கு உயரத்துக்கு ஆகிவிடும். ஐந்தரை அடி ஆளை உச்சந்தலை முதல் செருப்பு வரை எடுக்க ஐந்தரை அடித் தூரம், தலைக்கு மேல் கொஞ்சம் மூச்சுவிட இன்னும் ஓரடி. 28 எம்.எம்.முக்கு இதே கணக்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். தள்ளி நிற்கும் தூரத்தைவிடக் கால் பங்கு அதிகமான அகலம் அதில் விழும்.

ஒரு வாரம் கேமராவை எடுக்காமலே இதைப் பயிற்சி செய்யலாம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, இங்கிருந்து எடுத்தால் அந்த டீக்கடையின் எந்த மூலை வரை விழும் என்று மனதுக்குள் கோடு போட்டுப் பார்ப்பது. பிறகு எடுத்துப் பார்ப்பது. முதல் நாட்களில் ஊகம் இரண்டு மூன்று அடி தப்பும். போகப்போகத் தப்பு சுருங்கும்.

பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் ஏறக்குறைய வாழ்நாள் முழுக்க இப்படி ஒரே பார்வை அகலத்தோடு வேலை செய்தவர். அவர் லைக்காவில் லென்ஸ் மாற்ற முடியும். ஆனால் மிகப் பெரும்பாலான படங்களை 50 எம்.எம். லென்ஸ் ஒன்றிலேயே எடுத்தார். 1948 ஜனவரியில் டெல்லியில் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன் அவரைச் சந்தித்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் ஆசிரமத்தில் இருந்தவர். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு ரமணர் உயிர் பிரிந்த நேரத்தில், வானில் ஒளிவால் நீண்ட ஒரு நட்சத்திரம் மெதுவாக நகர்ந்து மலையின் பக்கம் மறைவதைத் தானும் கண்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். பெரிய பைகளும் முக்காலிகளும் இல்லாமல், கையடக்கமான ஒரு கருவியோடு வந்தவரால்தான் அப்படிப்பட்ட இடங்களில் ஓரமாக நின்று பார்க்க முடிந்தது. கேமரா சின்னதாக இருப்பதன் முதல் பயன் தூக்குபவரின் தோள் வலிக்காமல் இருப்பது. அதைவிடப் பெரிய பயன், எதிரில் இருப்பவர் மிரளாமல் இருப்பது.

ஜப்பானின் தைதோ மொரியாமா இன்னொரு கோடி. 1938-ல் பிறந்தவர். தோக்கியோவின் ஷின்ஜுகு சந்துகளில் பல பத்தாண்டுகளாக நடந்து நடந்து படம் எடுத்தவர். கறுப்பு மையாகவும் வெள்ளை வெளிறியும், பொரி பொரியாகச் சிதறிய படங்கள். ரிக்கோ நிறுவனம் 1996-ல் ஜிஆர்1 என்ற 28 எம்.எம். ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. 2005-ல் அதன் டிஜிட்டல் வடிவம் வந்தது. மொரியாமா என்றால் ஜிஆர், ஜிஆர் என்றால் மொரியாமா என்று சொல்லும் அளவுக்கு இந்த வரிசை அவரோடு ஒட்டிப்போய்விட்டது. பல நேரம் அவர் கண்ணில் வைத்துக் குறிபார்ப்பதே இல்லை. கை போகும், விரல் அழுத்தும், கால் நின்றிருக்காது.

2013-ல் ஜிஆரின் உடம்பு ஏறக்குறைய அதே அளவில் இருக்க, உள்ளே இருந்த சென்சார் மட்டும் பல மடங்கு பெரிதானது. டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி அளவுச் சென்சார், சட்டைப் பையில் போடும் கேமராவுக்குள் வந்தது. 2019-ல் வந்த ஜிஆர் 3, பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம். காய்கறிக் கடையில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான்.

இதில் 'ஸ்னாப் ஃபோகஸ்' என்று ஒரு வசதி உண்டு. தெருவில் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கேமரா ஏன் பிடிக்கிறது என்பதற்கு அதுவே பதில். சாதாரணமாகக் கேமரா எதையோ தேடி, முன்னும் பின்னும் ஆடி, ஃபோகஸைப் பிடிக்கும். அந்த அரை நொடியில் ஐஸ்வண்டிக்காரர் திரும்பிவிடுவார், குழந்தை சிரித்து முடித்துவிடும். ஸ்னாப் ஃபோகஸில் தூரத்தை முன்னாலேயே சொல்லிவைக்கலாம். 1 மீட்டர், 1.5, 2, 2.5 என்று. பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் கேமரா தேடாமல் அந்தத் தூரத்துக்குப் போய் உடனே எடுக்கும்.

இது எப்படி வேலை செய்கிறது? அகலப் பார்வை லென்ஸில், ஒளி நுழையும் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, சுருக்கினால், தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னும் நீளும். ஜிஆரின் லென்ஸை எஃப் 8-ல் வைத்து, தூரத்தை 2.5 மீட்டருக்குக் குறித்தால், ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் தொடங்கித் தொடுவானம் வரை எல்லாம் போதுமான தெளிவோடு விழும். அதற்குள் எது நடந்தாலும் படம் உண்டு. இனி எடுப்பவரின் வேலை, எதிரில் நடப்பது தன்னிடமிருந்து நாலு அடிக்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும். பழைய க்ளிக் 3 கேமராவும் இதே தத்துவத்தில்தான் ஓடியது. வெயில் இருந்தால் எல்லாம் தெளிவு. மாலை ஆறு மணிக்கு மேல் இந்தக் கணக்கு பலிக்காது. வெளிச்சத்துக்காகத் துவாரத்தைத் திறந்தால் தெளிவின் நீளம் உடனே சுருங்கிவிடும். அப்போது ஆட்டோஃபோகஸுக்குத் திரும்பிவிடுவதே நல்லது.

எக்ஸ்100-ன் குணம் வேறு. 2010 செப்டம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ஃபியூஜிஃபிலிம் அதை அறிவித்தபோது, மேலே ஷட்டர் வேகத்துக்கு ஒரு வட்டத் திருகு, லென்ஸைச் சுற்றி அப்பர்ச்சர் வளையம் என்று எல்லாம் பழைய ஃபிலிம் கேமராவின் தோற்றம். 2011 மார்ச்சில் விற்பனைக்கு வந்த சமயத்தில்தான் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. செண்டாய்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில் உற்பத்தி சிறிது காலம் நின்றுபோனது. கேமரா அதைத் தாண்டி வந்தது.

எக்ஸ்100-ன் உயிர்நாடி அதன் வியூஃபைண்டர். அது ஒரு கண்ணாடிச் சன்னல். உலகம் அப்படியே தெரியும், அதன் மேல் வெள்ளைக் கோட்டில் ஒரு சட்டம் மிதக்கும். சட்டத்துக்குள் இருப்பது படத்தில் விழும். முக்கியமானது என்னவென்றால், சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும். வலப்பக்கமிருந்து தலையில் கூடையோடு ஒருவர் வருகிறார், அவர் இன்னும் கோட்டுக்கு வெளியே இருக்கிறார், இன்னும் மூன்று அடி, இன்னும் ஒன்று, இப்போது. திரையில் பார்த்து எடுப்பவருக்கு அந்தக் கூடைக்காரர் திடீரென்று முளைத்தவர். சன்னலில் பார்ப்பவருக்கு அவர் முன்பே தெரிந்தவர். ஒரு நெம்புகோலைத் தட்டினால் சன்னல் மறைந்து மின்னணுத் திரையாகவும் மாறும். லென்ஸ் ஒன்றே என்பதால்தான் அதற்கு ஏற்றபடி இந்தச் சன்னலை இத்தனை சின்னதாக அமைக்க முடிந்தது.

லென்ஸும் சென்சாரும் ஒன்றுக்கொன்று என்றே செய்யப்படுவதால் வேறு சில லாபங்களும் உண்டு. கழற்றி மாட்டும் உலோக வளையம் வேண்டாம். லென்ஸின் கடைசிக் கண்ணாடியைச் சென்சாருக்கு மிக அருகே கொண்டுபோகலாம். எக்ஸ்100, ஜிஆர் போன்றவற்றில் ஷட்டரே லென்ஸுக்குள் இருக்கிறது. மெல்லிய தகடுகள் பூ இதழ் போல விரிந்து மூடும். சத்தம் அநேகமாகக் கிடையாது. தொட்டிலில் தூங்கும் குழந்தையின் பக்கத்தில் நின்று எடுத்தாலும் விழிக்காது.

இந்த இதழ் ஷட்டருக்கு நம் ஊர் வெயிலில் ஒரு தனிப் பெருமை இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படங்களில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புப் பள்ளம் விழும், எல்லாரும் பார்த்திருப்போம். கொஞ்சம் ஃபிளாஷ் சேர்த்தால் பள்ளம் நிரம்பும். ஆனால் சாதாரண கேமரா ஷட்டரில் ஃபிளாஷ் முழுச் சட்டத்துக்கும் ஒத்துழைப்பது நொடியில் 200-ல், 250-ல் ஒரு பங்கு வேகம் வரைதான். உச்சி வெயிலில் துவாரத்தை அகலத் திறந்து வைத்தால் அந்த வேகம் போதாது, படம் வெளிறிவிடும். இதழ் ஷட்டர் நொடியில் 1000-ல் ஒரு பங்கிலும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். எக்ஸ்100-ல் குட்டியாக ஒரு ஃபிளாஷும் உண்டு. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் வடிகட்டியும் உள்ளேயே உண்டு, பிந்தைய மாடல்களில் அது பதினாறில் ஒரு பங்கு. வெயில் பிளக்கும் சித்திரை மதியத்தில், நீல வானமும் கறுத்த முகமும் இரண்டுமே பதமாக விழுந்த ஒரு படத்தை இந்தச் சின்னப் பெட்டி கொடுக்கும்போது, கூட வந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குச் சந்தையே ஒருமுறை பதில் சொல்லிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி லென்ஸ் பொருத்திய சின்னக் கேமராக்கள் 2010-ல் 10 கோடிக்கும் மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. செல்போன் செய்வதையே கொஞ்சம் மோசமாகச் செய்த கேமராக்கள் எல்லாம் அழிந்தன. செல்போன் செய்யாததைச் செய்தவை பிழைத்தன. 2022 வாக்கில் எக்ஸ்100வி மாடலுக்கு இணையத்தில் இளைஞர்களிடையே மோகம் கிளம்பி, பழைய கேமரா புதிய விலைக்கு மேல் விற்றது. 2024 பிப்ரவரியில் 1,599 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட எக்ஸ்100-6 மாடலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

செல்போன் செய்யாதது என்ன? முதலில் சென்சார் அளவு. ஏ.பி.எஸ்-சி சென்சார் சுமார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், ஒரு குட்டித் தபால்தலை. நல்ல செல்போனின் முதன்மைச் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவு. பரப்பில் நான்கைந்து மடங்கு வித்தியாசம். செல்போன் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணக்குப் போட்டு இந்தக் குறையை ஈடுகட்டுகிறது, அதில் அது அபாரம். ஆனால் அந்தக் கணக்கு நிழலை எல்லாம் தூக்கிவிடும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாதி முகம் இருட்டில் இருப்பதுதான் அழகு என்று எடுப்பவர் நினைத்தாலும், போன் அந்த இருட்டைத் துடைத்துப் பளிச்சென்று காட்டும். சின்னக் கேமரா இருட்டை இருட்டாக விடும்.

இரண்டாவது, அது வேறு எதையும் செய்யாது. படம் எடுக்கக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் வராது, அலுவலகத்திலிருந்து அழைப்பு வராது. ஒரு மணி நேரம் கேமராவோடு நடந்தால் அது ஒரு மணி நேரம் பார்ப்பதற்கான நேரம். வேலைக்குப் போய்வரும் பலர் இந்தக் கேமராவை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கக்கூடும்.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு காலை நேரம் நடந்தால் இந்தப் பேச்செல்லாம் காலுக்கு வந்துவிடும். 28 எம்.எம். லென்ஸோடு போனால் தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக எடுப்பதற்கு வழியே இல்லை. ஆள் படத்தில் ஆளாகத் தெரிய, ஐந்தாறு அடிக்குள் போயாக வேண்டும். ஐந்தாறு அடி என்பது பேச்சுத் தூரம். அங்கே போய்விட்டுப் பேசாமல் இருந்தால்தான் தப்பு.

"அக்கா, கோலத்தோட உங்களையும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"என்னை எதுக்குப்பா? குளிக்கக்கூட இல்ல. கோலத்தை எடுத்துக்கோ."

சொல்லிவிட்டு அவர் கையில் மாக்கிண்ணத்தோடு சற்றே ஒதுங்கி நிற்பார். எடுத்த கோலத்தைத் திரையில் காட்டினால், குனிந்து பார்த்து, ஒரு கோடு வளைந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதைத் திருத்தப் போவார். அப்போது கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். மறுத்தால் நன்றி சொல்லி நகர வேண்டியதுதான். படம் போனால் போகட்டும். அடுத்த வாரம் அதே தெருவுக்கு வர முடிய வேண்டும். எடுத்த படத்தைப் பத்து ரூபாய்க்குப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தத் தெருவில் அதற்குப் பிறகு காபியே கிடைக்கும்.

அருகே போவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 28 எம்.எம். லென்ஸில் இரண்டடிக்குள் முகத்தை வைத்தால் மூக்கு வீங்கும், காது பின்வாங்கும். சட்டத்தின் ஓரத்தில் நிற்பவரின் முகம் பக்கவாட்டில் இழுபடும். குடும்பப் படத்தில் வயதானவர்களை ஓரத்தில் நிறுத்தாமல் நடுவே உட்கார வைப்பது மரியாதைக்கும் பொருந்தும், லென்ஸுக்கும் பொருந்தும்.

கோபுரத்தை எடுப்பது இன்னொரு பாடம். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி. அடியில் நின்று கேமராவை அண்ணாந்து தூக்கினால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போல இருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மேலே சாய்க்காமல் நேராகப் பிடித்து, கலசம் வரை உள்ளே வர வேண்டுமானால், 28 எம்.எம். லென்ஸுக்குச் சுமார் 180 அடி பின்னால் போக வேண்டும். அப்படிப் போனால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும், ஆனால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தார்ச்சாலையாக இருக்கும். பலர் இந்த இடத்தில் வெறுத்துப்போய் ஜூம் தேடுவார்கள். பொறுமையுள்ளவர் அந்தக் கீழ்ப்பாதியைக் காலி மேடையாக நினைத்துக்கொண்டு காத்திருப்பார். தேங்காய் ஏற்றிய சைக்கிள் வரும். பள்ளிச் சீருடையில் மூன்று பெண்கள் வருவார்கள். மழை பெய்து ஓய்ந்த நாளில் சாலையே கோபுரத்தைத் திருப்பிக் காட்டும். எத்தனையோ அஞ்சலட்டைகளில் வந்துவிட்ட கோபுரம் அன்றுதான் அந்த ஊருக்குள் நிற்கும் கோபுரமாகத் தெரியும்.

இந்த வகைக் கேமராவால் முடியாதவற்றை மறைக்க வேண்டியதில்லை. வேடந்தாங்கலுக்கு இதை எடுத்துக்கொண்டு போனால் நீர்க்கடம்ப மரத்தில் வெள்ளைப் புள்ளிகள்தான் கிடைக்கும். சேப்பாக்கம் கேலரியிலிருந்து பந்துவீச்சாளரை எடுக்க முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஆடும் மகளை எடுக்க நினைக்கும் அப்பாவுக்கு இது ஏமாற்றமே. 40 மெகாபிக்ஸல் உள்ள எக்ஸ்100-6-ல் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் 50 எம்.எம். பார்வை கிடைக்கும், 20 மெகாபிக்ஸல் மிஞ்சும். அது நல்ல வசதிதான். ஆனால் புதிதாகப் பழகுபவர் முதல் ஆறு மாதம் அந்த வசதியைத் தொடாமல் இருப்பது நல்லது. இரண்டு அகலங்களை ஒரே நேரத்தில் கற்க முயன்றால் கண் ஒன்றையும் முழுசாகப் பிடிக்காது.

பராமரிப்பில் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். லென்ஸைக் கழற்ற முடியாது என்றால், உள்ளே தூசி போனால் வீட்டில் துடைக்கவும் முடியாது. ஆன் செய்தால் வெளியே நீண்டு, ஆஃப் செய்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் லென்ஸ் காற்றையும் உள்ளே இழுக்கும். மெரினா மணலில், கல்குவாரிப் பக்கம், சட்டைப் பையின் நூல் துகள்களோடு சும்மா போட்டுவைப்பது நல்லதல்ல. ஒரு சின்னத் துணிப் பையோ ஜிப் பையோ போதும். கடலோர ஊர்களில் ஈரக் காற்றால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் பல வருடம் தாங்கும். பீரோவுக்குள் தோல் உறையோடு பூட்டிவைப்பதுதான் மோசம். ஜிஆர் 3 போன்ற குட்டிக் கேமராவின் பேட்டரி சுமார் 200 படங்களுக்குத்தான் வரும். திருவிழா நாளில் கூடுதலாக ஒன்று பையில் இருக்கட்டும்.

இத்தனையும் படித்துவிட்டு உடனே கடையில் ஒரு பெரிய தொகையை எண்ணிவைக்க வேண்டும் என்பதில்லை. முதலில் போனில் இருக்கும் படங்களின் விவரப் பக்கத்தைத் திறந்து, எந்த எம்.எம்.மில் அதிகம் எடுத்திருக்கிறோம் என்று பார்ப்பது. பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 எம்.எம். பார்வை கொண்டது, ஜிஆருக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு மாதம் திரையில் இரண்டு விரலை வைத்து விரிக்காமல், நடந்தே எடுத்துப் பார்க்கலாம். பழைய டி.எஸ்.எல்.ஆர். வீட்டில் தூங்குகிறது என்றால் அதன் ஜூம் லென்ஸை ஒரு எண்ணில் வைத்து, செலோ டேப் ஒட்டிவிடலாம். ஒரு மாதம் கழித்தும் அந்த டேப்பைப் பிய்க்கத் தோன்றவில்லை என்றால், அப்போது கடைக்குப் போகலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் எஃப் 11 அல்லது 16-ல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் பிற்பகல், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா. நான்கு மாட வீதிகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. நீர்மோர்ப் பந்தல்களில் டம்ளர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் மாடிகளிலும் படிகளிலும் முன்னாலேயே இடம் பிடித்துவிடுவார்கள், அங்கிருந்து கிடைக்கும் படங்கள் அழகானவை. கீழே கூட்டத்துக்குள், ஒரு கை பல்லக்கின் தண்டுக்கு வழிவிட, மறு கையில் கால் கிலோக் கேமராவோடு நிற்பவருக்குக் கண்ணில் வைக்க நேரம் கிடையாது. துவாரம் எஃப் 8. தூரம் இரண்டு மீட்டர். பல்லக்கு வருகிறது, இன்னும் பத்தடி, எட்டடி. முன்னால் சுமப்பவரின் தோளில் துண்டு நழுவுகிறது, பின்னால் வருபவர் கை நீட்டி அதைச் சரிசெய்கிறார். இரண்டு முகமும், அந்தக் கையும், மேலே நாயன்மாரும் ஆறடிக்குள். விரல் அழுத்தியாகிவிட்டது. பல்லக்கு கடந்து போகிறது, அடுத்தது வருகிறது. இன்னும் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.